புள்ளித்திரளுக்குள் வராத ஊர்: பந்தய விளையாட்டுகளின் மீளுருவாக்க வரலாறும் மும்பையும்

சில மாதங்களுக்கு முன் தாராவி தொண்ணூறடிச் சாலையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உடன் வந்திருந்த முதுகலை மாணவர் தம் கைப்பேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினார். இந்தோனேசியாவில் உருவான பேருந்து ஓட்டும் விளையாட்டு அது. திரையில் ஓடிய பேருந்தோ தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்ணத்தில் இருந்தது. நெற்றிப் பலகையில் திருநெல்வேலி என்று எழுதியிருந்தது. தமிழகத்து இளைஞர் யாரோ உருவாக்கி இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்த வடிவம் அது. மாணவர் தாராவியில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் நெல்லைச் சீமை. "ஊர் பஸ்ஸை ஊர்ல பார்த்ததைவிட இதுல ஓட்டினதுதான் சார் அதிகம்" என்றார். நான் திரையை உற்றுப் பார்த்தேன். பேருந்து நம்முடையது, அது ஓடிய சாலை ஜாவாத் தீவினுடையது.

அன்று எழுந்த கேள்வியின் விளைவே இந்த நீண்ட பதிவு. மெய்யுலகின் ஒரு வண்டியையோ ஒரு சாலையையோ கணினிக்குள் மீண்டும் கட்டுவது எப்படி? அந்தக் கலை எந்தப் படிநிலைகளைக் கடந்து வந்தது? எவை மீளுருவாக்கத்துக்குத் தகுதி பெறுகின்றன, எவை வெளியே நிற்கின்றன? விளையாட்டு ஆய்வு நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் ஓரத்துத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வரலாற்று மாணவர்கள் அக்கறை கொள்ள வேண்டிய ஒரு ஆவணச் சிக்கல் இதற்குள் இருக்கிறது.

1. கோட்டிலிருந்து புள்ளிக்கு

தொடக்ககாலக் கார்ப் பந்தய விளையாட்டுகளுக்கு மெய்யான தடம் தேவைப்படவில்லை. அடாரி நிறுவனம் 1974இல் வெளியிட்ட 'கிரான் டிராக் 10' கறுப்புத் திரையில் வெண்புள்ளிகளால் வரைந்த ஒரு வளையம் மட்டுமே. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'போல் பொசிஷன்' அதன் தடத்தை அந்நாட்டின் ஃபூஜி பந்தயத் தடத்தை ஒட்டி அமைத்தது. வளைவுகளின் வரிசையும் தொலைவில் தெரியும் ஃபூஜி மலையும் மட்டுமே ஒப்புமை. ஆயினும் 'இது இன்ன இடம்' என்று ஒரு விளையாட்டு சொல்லத் தொடங்கியது ஒரு திருப்பம்தான்.

அடுத்த திருப்பத்தை ஏற்படுத்தியவர் இங்கிலாந்தின் ஜெஃப் கிராமண்ட். இயற்பியல் பட்டதாரியான அவர் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய 'ரெவ்ஸ்' விளையாட்டில் சில்வர்ஸ்டோன் தடம் இடம்பெற்றது. தடத்தின் வடிவத்தோடு காரின் நடத்தையையும் கணக்கிட முயன்ற நிரல் அது. அமெரிக்காவில் டேவிட் கேமர், ஓமர் குடாரி இருவரின் பபைரஸ் குழு 1989இல் 'இண்டியானாபொலிஸ் 500' விளையாட்டை வெளியிட்டது. அதே குழுவின் 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' (1998) வரலாற்று மாணவர்களுக்கு மிக முக்கியமானது. அது நிகழ்காலத்தை விட்டுவிட்டு 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பருவத்தைக் கட்டியெழுப்பியது. சுமார் 14 கிலோமீட்டர் நீண்ட பெல்ஜியத்தின் பழைய ஸ்பா தடம் 1998இல் அந்த வடிவில் இல்லை. நேரில் சென்று அளக்க இயலாத இடத்தில் பழைய வரைபடம், புகைப்படம், திரைப்படச் சுருள் ஆகியவையே சான்றுகள். விளையாட்டு உருவாக்குநர் அறியாமலேயே வரலாற்றாசிரியரின் மேசைக்கு வந்துவிட்டார். சான்றுகள் முரண்படும்போது எதை நம்புவது, சான்றே இல்லாத இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்ற நம்முடைய பழைய கேள்விகளை அவரும் எதிர்கொண்டார்.

கார்களின் பக்கமும் இதே காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. 1994இல் வந்த முதல் 'நீட் ஃபார் ஸ்பீட்' அமெரிக்காவின் 'ரோட் அண்ட் டிராக்' இதழோடு கூட்டுச் சேர்ந்து உருவானது. கார்களைச் சோதித்து எழுதும் இதழின் தரவு நேரடியாக விளையாட்டுக்குள் வந்தது. 1997 டிசம்பரில் கசுனோரி யமௌச்சியின் 'கிரான் டூரிஸ்மோ' வெளியானபோது கார்களின் பட்டியலே விளையாட்டின் மையமாயிற்று. முதல் பதிப்பில் ஒரு கார் ஏறத்தாழ 300 பலகோணங்களால் ஆனது. ஐந்தாம் பதிப்பில் அது ஏறத்தாழ ஐந்து லட்சம். ஒரு காரை உருவாக்க முதல் பதிப்பில் ஒருவருக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது, ஐந்தாம் பதிப்பில் ஆறு மாதம் ஆயிற்று என்று யமௌச்சியே கூறியிருக்கிறார். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஆறு மாதமானபோது அந்த ஆறு மாதத்தை உழைத்தவர் யார் என்ற கேள்விக்குப் பிறகு வருவோம்.

மூன்றாம் திருப்பம் லேசர். பபைரஸின் டேவிட் கேமர் பின்னர் ஜான் ஹென்றியோடு இணைந்து தொடங்கிய 'ஐரேசிங்' 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் தனித்தன்மை லேசர் வருடி கொண்டு அளக்கப்பட்ட தடங்கள். இத்தாலியின் 'அசெட்டோ கோர்சா', மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா' ஆகியவையும் இவ்வழிக்கு வந்தன. முக்காலியில் நிறுத்திய வருடி சுழன்றபடி ஒளித்துடிப்புகளை அனுப்பும். திரும்பி வரும் ஒளியைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் கணிக்கும். ஓரிடத்தில் அளந்ததும் கருவியை அடுத்த இடத்துக்கு நகர்த்துவர். பல இடங்களின் அளவுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் கோடிக்கணக்கான புள்ளிகள் கொண்ட ஒரு திரள் கிடைக்கும். அந்தப் புள்ளித்திரளில் சாலையின் மேடுபள்ளம், ஓரக்கல்லின் சரிவு, ஒட்டுப்போட்ட தார் எல்லாம் பதிவாகியிருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். புள்ளித்திரள் தானாக விளையாட்டாகிவிடாது. அதன்மேல் கலைஞர்கள் கையால் பரப்புகளைக் கட்டுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு பரப்புகள் கட்டப்படும். ஒன்று கண்ணுக்குத் தெரிவது; மற்றொன்று சக்கரம் மட்டும் உணர்வது. திரையில் வழவழப்பாகத் தெரியும் சாலை, சக்கரத்துக்கு முரடாக இருக்கலாம். ஆக, 'துல்லியம்' என்பதே ஒரு தேர்வு. எதற்குத் துல்லியம், யாருக்குத் துல்லியம் என்று கேட்காமல் அச்சொல்லைப் பயன்படுத்த இயலாது.

2. ஒரு காரின் உடலும் குரலும்

காரை மீளுருவாக்குவதில் மூன்று பணிகள் உள்ளன. முதலாவது உருவம். புதிய கார் என்றால் உற்பத்தியாளரே கணினி வரைபடங்களைத் தருவார். பழைய கார் என்றால் அதை நல்ல நிலையில் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்து, அளந்து, இயன்றால் லேசரால் வருடிப் பதிவுசெய்ய வேண்டும். இருக்கைத் துணியின் நெசவு, கதவுக் கைப்பிடியின் தேய்மானம், அளவிமுகப்பின் எழுத்துரு வரை எல்லாவற்றுக்கும் படம் வேண்டும்.

இரண்டாவது ஒலி. காரை உருளைகள்மேல் நிறுத்தி ஓடவிட்டு, என்ஜின் அறையிலும் காற்று உள்வாங்கும் குழாயருகிலும் புகைபோக்கியின் பின்னும் ஓட்டுநர் காதருகிலும் ஒலிவாங்கிகளைப் பொருத்துகிறார்கள். சுமையோடும் சுமையின்றியும் பல சுழல்வேகங்களில் பதிவு நடக்கும். விளையாடுபவர் விசையை மிதிக்கும்போது நிரல் இவற்றைக் கலந்து ஒரே குரலாக்குகிறது.

மூன்றாவது நடத்தை. எடை, அது முன்பின் பகிரப்படும் விகிதம், சஸ்பென்ஷனின் விறைப்பு, கியர் விகிதங்கள், என்ஜினின் திருப்புவிசை ஆகியவை எண்களாக உள்ளே செல்லும். இவற்றுள் கடினமானது டயர். நெதர்லாந்தின் ஹான்ஸ் பசெய்க்கா 1980களில் உருவாக்கிய சூத்திரம் டயர் வழுக்கும்போது அதன் பிடிப்பு எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதை ஒரு வளைகோடாக விவரிக்கிறது. பொறியியலில் அதற்கு 'மந்திரச் சூத்திரம்' என்றே பெயர். அடிப்படை இயற்பியலிலிருந்து வருவிக்கப்படாமல், சோதனை அளவுகளோடு அழகாகப் பொருந்துவதால் வந்த பெயர் அது. பல விளையாட்டுகள் அந்தச் சூத்திரத்தையோ அதன் வழித்தோன்றல்களையோ பயன்படுத்துகின்றன.

இம்மூன்றுக்கும் மேலாக நான்காவது ஒன்று இருக்கிறது: உரிமம். காரின் பெயரும் சின்னமும் உருவமும் நிறுவனத்தின் சொத்து. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 2000 முதல் 2016 வரை போர்ஷே கார்களுக்கான தனியுரிமை வைத்திருந்தது. அதனால் கிரான் டூரிஸ்மோவில் போர்ஷே இல்லை. போர்ஷேயின் உடற்கூட்டைக் கொண்டு தனிப் பெயரில் கார் செய்யும் 'ருஃப்' என்ற ஜெர்மானியச் சிறு நிறுவனத்தின் கார்களே அந்த இடத்தை நிரப்பின. அக்காலத்தை விளையாட்டுகள் வழியாக மட்டும் ஆராயும் ஒருவர், ருஃப் போர்ஷேயைவிடப் புகழ்பெற்றது என்று முடிவுகட்டக்கூடும். ஆவணத்தில் ஒன்று இல்லாமை உலகில் அது இல்லாமை ஆகாது என்பதற்கு இதைவிட எளிய சான்றை வகுப்பறையில் நான் பயன்படுத்தியதில்லை.

3. இந்தியக் கைகள்

ஆறு மாத உழைப்பு யாருடையது என்று கேட்டோம். கார்களின் பலகோணங்கள் பெருகப் பெருக, அவற்றைக் கட்டும் வேலை மலிவான, திறமையான கைகளைத் தேடிப் புறப்பட்டது. பெங்களூரில் 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய 'துருவா இன்டராக்டிவ்' நிறுவனம் இந்தியாவின் முன்னோடி விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்று. ஃபோர்ஸா வரிசை உள்ளிட்ட உலகப் புகழ்பெற்ற பந்தய விளையாட்டுகளுக்கு அங்கிருந்து கலைப்பணி சென்றது. 2019இல் ராக்ஸ்டார் நிறுவனம் துருவாவை வாங்கியது. மும்பையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் புணேயில் இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனமும் ஒரு கிளையை வைத்திருந்தது.

ஆக, உலகெங்கும் விளையாடப்பட்ட எத்தனையோ ஐரோப்பிய, அமெரிக்கக் கார்களின் வளைவுகளை இந்தியக் கலைஞர்கள் விரல் நுனியால் அறிவார்கள். அவர்களுள் பலர் அந்தக் கார்களை நேரில் தொட்டிருக்கமாட்டார்கள். காலனியப் பருத்தி வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழகியதாகத் தோன்றலாம். ஒப்புமையை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. இது ஊதியம் பெறும் திறன்சார் வேலை. பலருக்கு வாழ்வளித்த வேலை. ஆனால் எதை உருவாக்குவது என்ற முடிவு வேறிடத்தில் எடுக்கப்பட்டது. மீளுருவாக்கும் திறன் இங்கே இருந்தும், இங்குள்ள வண்டிகள் அரிதாகவே மீளுருவாயின.

4. பொருளுக்கு முன் பிறந்த பிரதி

இந்தியாவின் தடம் ஒன்று உலகப் புகழ்பெற்ற விளையாட்டுக்குள் நுழைந்த நிகழ்ச்சி விசித்திரமானது. கிரேட்டர் நொய்டாவின் புத்தா பன்னாட்டுத் தடம் ஜெர்மானியர் ஹெர்மன் டில்கேயால் வடிவமைக்கப்பட்டது. 16 வளைவுகளும் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமும் கொண்டது. அங்கு முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் 2011 அக்டோபர் 30 அன்று நடந்தது. கோட்மாஸ்டர்ஸின் 'எஃப்1 2011' விளையாட்டோ அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, செப்டம்பரில், கடைகளுக்கு வந்துவிட்டது. அதில் இந்தியத் தடமும் இருந்தது. மெய்த்தடத்தின் திறப்பு விழாவே அக்டோபரில்தான் நடந்தது. அதாவது உலகெங்கும் பல்லாயிரம் பேர் கணினியில் அத்தடத்தில் ஓட்டிய பிறகே மெய்யான கார்கள் அங்கே ஓடின.

கட்டி முடியாத இடத்தை வருட இயலாது. வடிவமைப்பு வரைபடங்களையே நம்ப வேண்டும். எனவே அந்த விளையாட்டில் இருந்தது ஓர் இடத்தின் பிரதி அன்று, ஒரு திட்டத்தின் பிரதி. அங்கே தூசி இல்லை. கோவையிலிருந்து சென்று 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் அந்த முதற்பந்தயத்தில் ஓடி 17ஆம் இடத்தில் முடித்தார். மூன்றே ஆண்டுகளில், 2013க்குப் பின், வரிச் சிக்கல்களுக்கிடையே பந்தயம் நின்றது. அடுத்த ஆண்டின் விளையாட்டிலிருந்தும் இந்தியத் தடம் மறைந்தது. விளையாட்டின் உலகம் பந்தய நாட்காட்டியின் நிழல். நாட்காட்டியில் இல்லாத நிலம் அங்கே நிலமே இல்லை.

இதன் மறுபக்கம் சோழவரம். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் நடத்திய பந்தயங்கள் தென்னிந்தியாவின் பெருவிழா. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்டதும் சோழவரத்தின் காலம் முடிந்தது. இருங்காட்டுக்கோட்டையின் கணினி வடிவத்தை ஆர்வலர்கள் தாமாகவே உருவாக்கிப் பகிர்ந்திருக்கிறார்கள். சோழவரத்தை மீட்க வேண்டுமென்றால் 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' குழு செய்ததுபோல் புகைப்படம், செய்தித்தாள், முதியோர் நினைவு ஆகியவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். அந்நினைவுகளை உடையவர்கள் இன்று எண்பதை எட்டியவர்கள்.

5. பிரதியின்றி மறைந்த பொருள்

இனி மும்பைக்கு வருகிறேன். செம்பூரில் வளர்ந்த எனக்குக் கார் என்றால் கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும்தான். மாட்டுங்கா ரயில் நிலையத்து வாசலில் அந்த டாக்சிகள் வரிசையாக நிற்கும். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துவரத் தாதர் செல்லும் நாட்களில் மட்டும் எங்களுக்கு அதில் ஏறும் பேறு கிட்டும். கியர், தரையில் அல்லாமல் ஸ்டியரிங்கோடு ஒட்டி இருக்கும். மீட்டர், முன்கண்ணாடிக்கு வெளியே இடப்பக்கம் இருக்கும். ஓட்டுநர் கையை நீட்டி அதைத் திருப்பும்போது எழும் மணியோசை எனக்கு இன்றும் கேட்கிறது.

அந்தக் கார் பிரீமியர் பத்மினி. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் குர்லா ஆலையில், செம்பூருக்குப் பக்கத்திலேயே, அது உருவானது. இத்தாலியின் ஃபியட் 1100 வகையை 1964 முதல் அந்த ஆலை செய்துவந்தது. 1970களில் அதற்குப் பத்மினி என்று பெயர் மாறியது. 1,089 சிசி என்ஜின், பின்சக்கர இயக்கம், பின்னச்சில் பட்டை ஸ்பிரிங். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன.

மும்பையில் டாக்சிக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. கடைசிப் பத்மினி டாக்சி தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. எனவே 2023 அக்டோபர் 30 முதல் மும்பைச் சாலையில் பத்மினி டாக்சி இல்லை. ஒரு வண்டியையாவது காட்சியகத்தில் பாதுகாக்க வேண்டும் என்று டாக்சித் தொழிலாளர் சங்கம் அரசைக் கேட்டிருந்தது.

உலகப் புகழ்பெற்ற பந்தய விளையாட்டுகளின் பட்டியல்களில் நான் பத்மினியைத் தேடினேன், கிடைக்கவில்லை. மும்பையைச் சேர்ந்த 'கேம்ஸ்2வின்' நிறுவனம் 'பாம்பே டாக்சி' என்ற சிறு விளையாட்டை வெளியிட்டதுண்டு. அதில் கறுப்பு மஞ்சள் வண்டி மேலிருந்து பார்க்கும் ஒரு சின்னமாகவே இருந்தது. ஆர்வலர்கள் வேறு விளையாட்டுகளில் செருகுவதற்காகச் செய்த வடிவங்களும் உலவுகின்றன. அவற்றில் உருவம் உண்டு. குரலும் நடத்தையும் பெரும்பாலும் வேறொரு காரிலிருந்து இரவல்.

குரல் என்றதும் ஒரு வரலாற்றுச் சிக்கல் எழுகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், காற்று மாசு தொடர்பான நீதிமன்ற ஆணைகளுக்குப் பின், மும்பை டாக்சிகள் பெட்ரோலிலிருந்தும் டீசலிலிருந்தும் சிஎன்ஜிக்கு மாறின. எரிபொருள் மாறினால் என்ஜினின் ஒலியும் இழுவையும் மாறும். பின்பெட்டியில் எரிவாயு உருளை ஏறியதால் பயணியின் பெட்டி கூரைக் கம்பிக்கு ஏறியது. வண்டியின் எடைப் பகிர்வும் மாறியது. இன்று ஒருவர் எஞ்சியுள்ள ஒரு பத்மினி டாக்சியைக் கண்டுபிடித்து முழுமையாகப் பதிவுசெய்தாலும், அது 2003இன் பத்மினியே அன்றி 1975இன் பத்மினி அன்று. எந்த ஆண்டின் பொருளை மீட்கிறோம் என்று சொல்லாத மீளுருவாக்கம் ஏமாற்று. கட்டடப் பாதுகாப்பிலும் சுவடிப் பதிப்பிலும் நாம் நெடுங்காலமாகப் பேசிவரும் சிக்கல்தான் இது. பாடவேறுபாடு என்று உ.வே.சா. மரபில் நாம் சொல்வது ஒரு காரின் என்ஜினுக்கும் பொருந்தும்.

6. அதே ஒளி, வேறு நோக்கம்

இங்கே தாராவிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கள அளவாய்வு 2024 மார்ச்சில் தொடங்கியது. அதானி குழுமமும் மகாராஷ்டிர அரசும் பங்குதாரர்களாக உள்ள திட்டம் அது. அந்த அளவாய்வில் டிரோன்களும் லேசர் வருடிகளும் பயன்படுத்தப்பட்டன. தாராவியின் 'எண்ணிம இரட்டை' ஒன்று உருவாக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதாவது ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை அங்குலம் அங்குலமாக அளந்த அதே தொழில்நுட்பக் குடும்பம் கும்பார்வாடாவின் சூளைகளையும் தோல் பட்டறைகளின் தகரக் கூரைகளையும் அளந்தது.

கருவி ஒன்றே, நோக்கம் வேறு. பந்தயத் தடத்தை வருடுபவர் அதன் ஒவ்வொரு குழியையும் காப்பாற்றவே வருடுகிறார். குழிதான் அத்தடத்தின் குணம். மறுசீரமைப்புக்காக வருடும்போது வருடப்படுவது நீங்கப்போகும் ஒன்று. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. பின்னர் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வேறு விதிகள், வேறு இடங்கள். லேசர் சுவரின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்லும். அந்தச் சுவருக்குள் எந்தக் குடும்பம் எந்த ஆண்டு முதல் வாழ்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு ரேஷன் அட்டையும் மின்கட்டண ரசீதும் அண்டை வீட்டாரின் வாய்மொழியும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் தொழிலை நம்பி நெல்லைப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வரலாறு பெரும்பாலும் அத்தகைய தாள்களிலும் வாய்மொழியிலும்தான் இருக்கிறது.

திட்டம் நல்லதா தீயதா என்று தீர்ப்புச் சொல்வது இப்பதிவின் நோக்கமன்று. கழிப்பறையும் காற்றோட்டமும் உள்ள வீட்டைத் தாராவி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அக்கோரிக்கையின் நியாயத்தை, பழமையின் அழகைப் பேசி யாரும் மறைக்கக்கூடாது. நான் சொல்வது ஆவணம் பற்றியது. தாராவியின் இதுவரையிலான மிகத் துல்லியமான வடிவப்பதிவு இப்போது உருவாகியிருக்கக்கூடும். அந்தப் பதிவு யாரிடம் இருக்கும்? இடிக்கப்பட்ட பின் ஆய்வாளருக்கும், அங்கே பிறந்து வளர்ந்தவருக்கும் அதைத் திறந்து பார்க்க உரிமை உண்டா? உரிமம் என்ற சொல் கார்களுக்கு மட்டும் உரியதன்று.

7. பிரதிகளும் சாகின்றன

பெருநிறுவனங்களின் விளையாட்டுக்குள் ஒன்று வந்துவிட்டால் அது நிலைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சோனியின் 'டிரைவ்கிளப்' (2014) இந்தியாவைத் தன் களங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. நீலகிரியின் பெயரும் அதில் இருந்தது. அதை உருவாக்கிய எவல்யூஷன் ஸ்டுடியோஸ் 2016இல் மூடப்பட்டது. விளையாட்டு 2019இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது; 2020 மார்ச் இறுதியில் அதன் இணையச் சேவையகங்களும் நிறுத்தப்பட்டன. கார் உரிமங்கள் காலாவதியாவதால் ஃபோர்ஸா வரிசையின் பல பகுதிகளும் இவ்வாறே விற்பனையிலிருந்து விலகின. கல்வெட்டு ஆயிரம் ஆண்டு நிற்கிறது, ஓலைச்சுவடி சில நூறாண்டு தாங்குகிறது; உரிமம் பெற்ற எண்ணிமக் கார் சில ஆண்டுகளில் கடையை விட்டுப் போய்விடுகிறது.

இந்நிலையில் அந்த நெல்லைப் பேருந்தை உருவாக்கிய பெயர் தெரியாத இளைஞரைப் பற்றி மீண்டும் நினைக்கிறேன். அவரிடம் லேசர் வருடி இல்லை, உரிமமும் இல்லை. பேருந்து நிலையத்தில் கைப்பேசியால் எடுத்த படங்கள் இருந்திருக்கும். எந்தப் பணிமனையின் வண்டிக்கு எந்தப் பட்டை, எந்த ஆண்டு வண்ணம் மாறியது என்ற நுணுக்கமான அறிவு இருந்திருக்கும். அரசுப் பேருந்துகளின் உடல்கட்டு வரலாற்றை இத்தனை கவனத்தோடு பதிவுசெய்யும் வேறு குழுவை நான் அறியேன். சட்டத்தின் பார்வையில் தெளிவற்ற நிலையில் நிற்கும் இந்த ஆர்வலர்கள்தாம் நம்முடைய வண்டிகளின் ஆவணக்காப்பாளர்களாக இயங்கிவருகிறார்கள். அவர்கள் கோப்புகளும் ஒரு நாள் ஏதோ ஒரு சேமிப்புத் தளம் மூடப்பட்டால் போய்விடும்.

மாணவ நண்பர்களுக்குச் சில வேலைகளை முன்வைத்து முடிக்கிறேன். முதலாவது, பேருந்து வடிவங்களைச் செய்யும் இளைஞர்களை நேர்காணல் செய்யுங்கள். எந்தச் சான்றை நம்புகிறார்கள், எதை ஊகிக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது, எஞ்சியுள்ள பத்மினிகளை அளந்து, ஒலிப்பதிவு செய்து, ஓட்டிய முதியவர்களின் வாய்மொழியோடு சேர்த்து வையுங்கள். எரிபொருளையும் ஆண்டையும் மறவாமல் குறியுங்கள். மூன்றாவது, சோழவரத்தின் புகைப்படங்கள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால் பிரதியெடுத்துப் பொது நூலகங்களுக்குக் கொடுங்கள். நான்காவது, விளையாட்டைச் சான்றாகக் காட்டும்போது பதிப்பையும் பார்த்த நாளையும் குறிப்பிடுங்கள். நாளை அது இருக்காது. ஐந்தாவது, தாராவியின் புள்ளித்திரள் பொது ஆவணக்காப்பகம் ஒன்றில் வைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை வரலாற்றுத் துறைகள் எழுப்ப வேண்டும். தனிமனிதர் வீட்டுக்குள் பார்க்கும் பதிவு என்பதால், அங்கு வாழ்பவர்களின் ஒப்புதலோடும் உரிய பாதுகாப்போடும் அது நிகழ வேண்டும்.

தேநீர்க் கடை வாசலில் அந்த மாணவர் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் என்னோடு இருக்கிறது. "இந்தத் தொண்ணூறடி ரோட்டை யாராவது இதுக்குள்ள செஞ்சு வெச்சா, பஸ்ஸை இங்கேயே ஓட்டலாம்ல சார்?" என்றார். செய்யலாம். எந்த ஆண்டின் தொண்ணூறடிச் சாலையை என்று மட்டும் அவரை முடிவுசெய்யச் சொல்லியிருக்கிறேன். இப்போது தம் பாட்டியிடம் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடைகளை வரிசையாக எழுதிவருகிறார்.